கதவை மாட்டுங்க, உஸ்தாத்

குவைத்தில் இருக்கும் மகனுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். தலைமையாசிரியருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கத் தெம்பு இருக்கிறதே, நலமாகத்தான் இருப்பாய்.

உன் மகள் நவ்வாரா பள்ளியின் காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவில்லை என்றாள். தலைமையாசிரியர் மைக்கை அணைத்துவிட்டு, "பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது?" என்று கத்தினார். அவள் மைக் இல்லாமலே, "கதவை மாட்டுங்க, உஸ்தாத். நாங்க வாயை மூடிக்கிறோம்" என்றாள். மைதானமே கை தட்டியது. அதற்காக நீ அவள் படிப்பை நிறுத்தச் சொல்கிறாய்.

உன் அக்கா ஏன் பள்ளியை விட்டாள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அதே பள்ளி, அதே கழிப்பறை. அங்கே போகக் கூசி, பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து காய்ச்சலில் விழுந்தாள். "பொண்ணு வீட்டுலயே கெடக்கட்டும்" என்றார் உன் அப்பா. அவர் போய்ச் சேர்ந்தும் அந்தச் சொல்லை நான் மன்னிக்கவில்லை. இப்போது அது உன் வாயிலிருந்து வருகிறது.

நவ்வாரா நாளை பள்ளிக்குப் போவாள். கூடவே நானும் போகிறேன். உன் அறைக் கதவைக் கழற்றிக் கழுதை வண்டியில் ஏற்றிவிட்டேன். அளவு சரியாக இருக்கும்.

விடுமுறைக்கு வந்தால் கதவில்லாத அறையில் உடை மாற்றிப் பார்.

உன்னைப் பெற்றவள்