மூன்றாம் ஆண்டு வகுப்பில் தொங்கிய தொட்டில்

டீச்சர்,

குனோங் ராபாட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குழந்தை வந்திருக்கிறது. சாரோங் துணியில் கட்டிய தொட்டிலின் ஸ்பிரிங் காலை முழுவதும் கிறீச்சிடுகிறது. அந்தச் சத்தத்தில் உங்கள் நினைவு வருகிறது. கூடவே பொறாமையும் வருகிறது. நீங்கள் இறந்து ஒரு மாதம் ஆன பிறகும் அது போகவில்லை.

எழுபதுகளில், கோலா கங்சார் பக்கம் நாம் வேலை பார்த்த ரப்பர்த் தோட்டப் பள்ளி. எனக்கு நான்காம் ஆண்டு வகுப்பு, உங்களுக்கு மூன்றாம் ஆண்டு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை மூடிவிட்டிருந்தார்கள். பெற்றோர் பால் வெட்டப் போனதும், தம்பிப் பாப்பாவோடு வீட்டில் நின்றுவிட்டாள் என் வகுப்பு லெட்சுமி. விதியில் சொன்ன நாள்வரை காத்திருந்தேன். பிறகு வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் அடிக்கோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். கோடு நேராக இருந்தது.

அடுத்த வாரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் வாசிக்கும் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உத்தரத்தில் தொட்டில் கட்டி, கயிற்றை அவள் கையில் கொடுத்திருந்தீர்கள்.

“இன்ஸ்பெக்டர் வந்தா என்னா சொல்லுவீங்க, டீச்சர்?”

“புள்ளைங்க வந்திருக்குன்னு சொல்லுவேன்லா சார். ஒன்னு தூங்குதுன்னும் சொல்லுவேன்.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: “படிப்பு அவளுக்கு உள்ளது சார். நாம பாத்துக் குடுக்குறது இல்ல.”

இதையேதான் நான் பயிற்சிக் கல்லூரியில் கட்டுரையாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். என் பதிவேட்டில் பிழையில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். தொட்டிலை அவர் ஆட்டினார், லெட்சுமி வாசித்தாள்.

சிம்பாங் பூலாயில் உங்கள் இறுதிச் சடங்குக்கு அவள் நரைத்த தலையோடு வந்திருந்தாள். உங்களைப் பற்றிப் பேச இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

“சாரும் அங்கதானே இருந்தீங்க? எந்த கிளாஸ்?”

“நாலு.”

“அதான் ஞாபகம் இல்ல. நான் டீச்சர் கிளாஸ்.”

என் வகுப்புப் பிள்ளை நீ என்று வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் கோடு போட்டதையும் சொல்லவேண்டும்.

“தப்பு இருந்தா திருத்திக் குடுங்க சார்” என்று தாள்களை நீட்டினாள். இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். பக்கம் முழுவதும் நீங்கள்தான். சட்டைப் பையில், பழைய பழக்கத்தில், சிவப்புப் பேனா இருந்தது. எடுக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

இன்னும் அது பையில்தான் இருக்கிறது, டீச்சர்.