அனுராதபுரத்துப் படம்

அக்கா,

இல்லை, நீங்கள் சொன்ன மாதிரி அந்தப் படம் தாய்லாந்தில எடுத்தது எண்டு சொல்ல ஏலாது. படத்தை வடிவாப் பாருங்கோ. எனக்குப் பின்னால இருக்கிற பலகையில அனுராதபுரம் எண்டு மூண்டு பாசையிலயும் கிடக்கு.

விசாரணைக்கு வரச் சொன்ன இந்த நாட்டுக் குடிவரவுக் கந்தோர் வாங்கில குந்திக்கொண்டுதான் எழுதிறன். இலங்கைக்குப் போனால் உயிருக்கு ஆபத்து எண்டு சொல்லி அகதி அந்தஸ்து எடுத்தவன், அங்க நிண்டு பல்லைக் காட்டுறன். இஞ்ச தொடங்கின தொழில் படிப்பையும் பாதியில விட்டவன். எனக்காக ஆர் கதைப்பினம்?

ஏன் போனனி எண்டு கேட்டனீங்கள். இந்தியாவில கூட்டாளியின்ர கலியாணம் முடிய, பக்கத்திலதானே, இலங்கையை ஒருக்கா எட்டிப் பாப்பம் எண்டு போனன். விசர்தான். ராசா மாளிகை எண்டாங்கள், வெறும் இடிஞ்ச செங்கல்லும் தூணும். ஒரு புத்தர் சிலையடியில, அந்தப் பலகையும் தெரிய, இந்தப் படத்தை எடுத்தன். காவலாளி விசில் அடிச்சுக்கொண்டு ஓடி வந்தான். புத்தருக்கு முதுகு காட்டினது பிழையாம். போனை வாங்கிப் படத்தை அழிச்சிட்டுத்தான் விட்டவன்.

ஆனால் அதுக்கு முதலே அம்மாவுக்கு அனுப்பிப்போட்டன். அவ "என்ர ராசா ஊரில" எண்டு பூப் போட்டு ஸ்டேட்டஸில விட்டிட்டா. அதை ஆரோ இந்தக் கந்தோர்க்காரரிட்டக் குடுத்திட்டாங்கள்.

என்னைத் திருப்பி அனுப்பினாலும், தன்னாலதான் எண்டு அம்மாவுக்குத் தெரியக் கூடாது. கூட்டாளி ஆரோ போட்ட படத்தாலதான் பிடிபட்டன் எண்டு சொல்லுங்கோ. சத்தியம் பண்ணுங்கோ அக்கா.

கதவு திறக்குது, என்னைத்தான் கூப்பிடுறாங்கள். போறன்.

தம்பி