தாத்தா சத்தியம் செய்யாமல் திரும்பி வந்தது

காஜா பேராங், மலாக்கா
17-11-1957

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை கோகிலா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கோத்தா பாருவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. என் கால் வீக்கம் வடிவதும் ஏறுவதுமாக இருக்கிறது, துணி துவைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கோகிலா கை கொடுக்க வேண்டியிருக்கிறது. உன் அப்பா லாரி வேலை முடிந்து வந்தால் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. நாலு நாளாக இப்படித்தான். எனக்கு அலுத்துப்போய்விட்டது, அதனால்தான் உனக்கு எழுதச் சொல்கிறேன்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு பிரஜாவுரிமைக்குப் பதியச் சொல்லித் தெங்கேராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். தாத்தா கப்பலில் வந்தவர், அதிகாரி முன்னால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்ய வேண்டும். என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, விண்ணப்பப் பாரத்தை நிரப்பியவள் கோகிலா என்பதால் அவளையே துணைக்கு அனுப்பினேன். ஆறாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் குரலே எழும்பாது, உனக்குத் தெரியும். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றார்களாம். மலாய்க்கார அதிகாரி அடையாளக் கார்டில் இருந்த பெயரைப் படித்து, இந்தப் பெயருடைய நான் என்று ஆரம்பித்துச் சொல்லச் சொன்னாராம். தாத்தா தூக்கிய கையைக் கீழே இறக்கிவிட்டார். இது என் அண்ணன் பெயர், அவர் செத்துப்போய் நாற்பத்தைந்து வருஷமாகிறது, என் பெயர் சுப்பையன் என்று மலாயிலேயே சொன்னாராம். பின்னால் நின்ற எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம் சும்மா இருப்பாரா, “ஏன் பெரியவரே, பேரைக் கேக்காமத்தான் ஒங்களுக்குப் பொண்ணு குடுத்தாங்களா” என்று கேட்க வரிசையே சிரித்ததாம். கோகிலா தலை நிமிரவில்லையாம். அதிகாரி சிரிக்கவில்லை. சரியான பெயரை எழுதி, மாஜிஸ்திரேட் முன் கையெழுத்துப் போட்டு, பேரப்பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு மாதக் கடைசிக்குள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்துதான் முழுவதும் சொன்னார். கங்காணி ஆள் எடுத்தபோது பட்டியலில் ஏறியது அண்ணன் பெயர். நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருந்த இடத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டார். வழியனுப்ப வந்த தம்பியைப் பார்த்துக் கங்காணி, பட்டியலில் ஆள் குறையக்கூடாது, அந்தப் பெயரிலேயே நீ ஏறு என்றாராம். அப்போது அவருக்குப் பதினாறு வயது. பிறகு தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் அந்தப் பெயர், ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் பெயர், அவசரகாலத்தில் கொடுத்த அடையாளக் கார்டில் அந்தப் பெயர். உன் அப்பா, “இவ்வளவு நாள் இருந்துச்சே, இன்னும் ஒரு நாள் வாயில வந்தா என்னப்பா, எங்க பேப்பரெல்லாம் கெட்டுப்போகும்” என்று கத்தினார். தாத்தா சத்தம் போடவில்லை. “எழுதுனவன் பொய் எழுதுனான், நான் பேசாம இருந்தேன். கையத் தூக்கிட்டா அது என் பொய்யில்லையா” என்று மட்டும் கேட்டார்.

நீ ஏழு வயதில் புக்கிட் காதிலில் மாட் தாயிப் வீட்டு ரம்புத்தான் பழத்தைப் பறித்துவிட்டு, உன் கூட்டாளி தியாகு பறித்தான் என்றாயே, நினைவிருக்கிறதா. தாத்தா உன்னை அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிப்போய், பறித்தது நான்தான் என்று உன் வாயால் பெயர் சொல்ல வைத்தார். நீ அழுதுகொண்டே பெயரைச் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று வந்து சொன்னாய். பிள்ளை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் திருப்பினார் என்று அன்றைக்கு நினைத்தேன். திரும்பி வரும்போது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வந்தார்.

இப்போது அவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. உனக்குத் தாத்தா பெயர் என்று வைத்தது அந்த அண்ணன் பெயர்தானே. அண்ணன் பெயர் யாரிடமாவது உண்மையாக இருக்கட்டும் என்றுதான் பெயர் வைத்த அன்றைக்கு வாய் திறக்கவில்லையாம். இப்போது தன்னால் உன் அரசாங்க வேலைக்குக் கேள்வி வருமோ என்று பயப்படுகிறார். பெரியவன் வேண்டாம் என்றால் போகமாட்டேன், பிரஜாவுரிமைப் பத்திரமில்லாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறார். உன் அப்பா உன் பதிலைப் பார்த்துப் பேசலாம் என்றுவிட்டார்.

எனக்குச் சட்டம் தெரியாது, பயமில்லை என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனிதர் கேட்பது தன் பெயரை மட்டும்தான். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று பெற்ற பிள்ளையை இருபத்துமூன்று வருஷமாகப் பெரியவனே என்று கூப்பிட்டு வந்தேன், அது மாமனார் பெயரே இல்லையாம். நான் சொல்லக்கூடாத பெயர் வேறு, மேலே அதைக் கோகிலாவே எழுதிக்கொண்டாள். இப்போது நான் சொல்வதைக் கேட்டுப் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதடி என்றேன். நல்லையா, சரி என்று எழுதிவிடப்பா, லீவு கிடைத்தால் நேரில் வந்து அவர் பக்கத்தில் நில்.

பிறப்புப் பத்திரத்தை மறக்காதே, தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பு. ஆண்டவன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
அஞ்சலை
(கைரேகை)