மேளம் கேட்டால் பால்

ஆவணி 9, திங்கள், இரவு

எங்கள் வெள்ளைக் குதிரை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற குதிரை. ஈன்ற பிறகு அதற்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. குட்டிக்கு ஆட்டுப் பால்தான், புட்டியில். சத்தத்துக்குப் பயப்படாமல் வளரட்டும் என்று என் வீட்டுக்காரர் பால் கொடுக்கும்போதெல்லாம் செல்போனில் கல்யாண மேளம் போட்டுவிடுவார். முதலில் கம்மியாக, போகப் போக ஜாஸ்தியாக. குட்டி காதைக்கூட ஆட்டாமல் குடிக்கும். எங்களுக்கு ஒரே பெருமை.

இன்று மதியம் வேங்கிக்கால் ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் போனது. மேளம் கேட்டதுதான் தாமதம், குட்டி மூங்கில் தடுப்பைத் தள்ளிக்கொண்டு ஓடியது. பஸ் பிரேக் போட்ட சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. அது பாட்டுக்கு ரோட்டைத் தாண்டி, மேளக்காரர் இடுப்பில் முட்டி முட்டிப் பால் தேடியது. அழுதுகொண்டு வந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"புடிங்கம்மா, பசிக்குது போல" என்றார் மேளக்காரர்.

குட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் இவர் சிரிக்கிறார். "கொஞ்சம்கூட பயமே இல்ல, பாத்தியா?"

"பயம் இருந்திருந்தா ரோட்டுக்கு ஓடியிருக்காதுங்க" என்றேன்.

ராத்திரிப் பாலுக்குச் செல்போனை எடுத்துப் போகவில்லை. புட்டியை நீட்டினேன். குட்டி வாயே வைக்கவில்லை, என் முகத்தையே பார்த்தபடி நின்றது. அதட்டினேன், கெஞ்சினேன். பால் ஆறிக்கொண்டே வந்தது. கடைசியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, நானே மெதுவாகத் தட்டினேன்.

குடித்தது.