மெல்போர்ன் ஒரு நாள் தூரம்

கலமாதா,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஸ்தாதிஸுக்கு,

நலமாயிரு. உன் மனைவிக்கும் என் அன்பைச் சொல். நம் பாதிரியாரின் தங்கை மகள் நாளை மெல்போர்னுக்கு விமானம் ஏறுகிறாள். இதை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தபாலில் போட்டால் எப்போது வருமோ. தொலைபேசியோ உன் அப்பாவின் கட்டிலருகில் இருக்கிறது. முக்குப் பெட்டிக்கடையிலிருந்து பேசினால், நான் வீடு திரும்புமுன் தெருவே அவரை விசாரிக்க வந்துவிடும்.

அப்பாவுக்கு இதயம் நன்றாக இல்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறாரே, அதை நம்பாதே. சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கித் தலையணையில் சாய்ந்துவிடுகிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாக்க வேண்டியவங்க இந்த மாசமே வந்து பாத்துட்டுப் போகட்டும்மா" என்றார்.

உன்னை வரச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு என்னைக் கடித்துக் குதறிவிட்டார். "இப்பத்தான் வேலையில சேந்திருக்கான், அவன் பொழப்பைக் கெடுக்காதே. நான் செத்தா வரட்டும். ஒரு நாள் பயணம்தானே?" என்றார்.

ஒரு நாளாம்! பதினைந்தாயிரம் கிலோமீட்டர். வானத்தில் இருப்பதே இருபது மணி நேரத்தைத் தொடும். துபாயில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதை யார் சேர்ப்பது? டிக்கெட்டுக்கு அலைவதை? ஏதென்ஸிலிருந்து இங்கு வரும் பஸ்ஸை? நம் ஊரிலோ இன்று போனவரை நாளை அடக்கம் செய்துவிடுகிறார்கள்.

எதிர்வீட்டு அர்கிரோவின் மகன் மிமிஸும் உங்கள் ஊரில்தானே இருக்கிறான். ஈஸ்டருக்கு முன் அவன் அப்பா இறந்தபோது, செய்தி கேட்ட கையோடு கிளம்பியவன்தான். அவன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது நாங்கள் கல்லறையிலிருந்து திரும்பி, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் காபியும் பிராந்தியும் குடித்து முடித்திருந்தோம். "எனக்காக ஒரு ராத்திரி வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டான். இன்னும் அவன் அர்கிரோவோடு சரியாகப் பேசுவதில்லை.

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதே, ஸ்தாதிஸ். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் போன பிறகு கிளம்பினால் எந்த விமானமும் உன்னை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்காது. இப்போதே வா.

வந்ததும் கத்துவார். "எவன்டா உன்னை வரச் சொன்னது?" என்பார். ஒலிவக்காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று அம்மா புலம்பினாள், லீவும் இருந்தது, வந்தேன் என்று சொல். என்னையும் சேர்த்துத் திட்டட்டும். திட்டுவதற்கு அவருக்கு மூச்சு இருக்கும்போது நீ வந்துவிட்டால் போதும்.

கன்னி மரியாள் உன்னைப் பத்திரமாகத் தரையிறக்கட்டும். ஒன்று மட்டும் கேள். தனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று உன் பெட்டியை முதலில் திறப்பவர் அப்பாதான். அதில் கறுப்பு உடை எதுவும் வைக்காதே. உன் அளவில் ஒன்று வாங்கி இங்கே நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
கலிரோய்