நாலு நிமிடத்தில் காணாமல் போன லாரிகள்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பூமிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிறது, அங்கே நார்வே குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க அந்தத் திருத்தணி முருகன் பார்த்துக்கொள்ளட்டும். தினமும் வீடியோ காலில் பார்க்கிற பெண்ணுக்கு எதற்கு லெட்டர் என்று நினைப்பாய். போனை எடுத்த உடனே உன் அப்பா பிடுங்கிக்கொண்டு ஷட்டர், ஸ்டாப், டிரைபாட் என்று ஆரம்பித்துவிடுகிறார், நான் பின்னால் நின்று கையை ஆட்டுவதோடு சரி. அதனால்தான் பருப்புப்பொடி பார்சலுக்குள் இதை வைக்கிறேன். பொடி கொட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

நீ போகும்போது பழைய கேமராவையும் அந்தக் கறுப்புக் கண்ணாடி டப்பாவையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தால் மனுஷன் முன்னெல்லாம் குளித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவார், இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் அதை எடுத்துப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை, அடுப்பில் தீய்ந்த கண்ணாடி போலிருக்கிறது என்று பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்தேன். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எங்கள் வீட்டைப் பார்த்துக் குரைத்தது. பழவேற்காட்டுக்குப் போய்க் கடலைப் படம் பிடித்து வந்தார், அலை ஒன்றுகூட இல்லை, பால் ஊற்றி வைத்ததுபோல் இருந்தது. அலையில்லாத கடலுக்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும், நம் ஏரியையே எடுத்திருக்கலாமே என்றேன். ஒருவாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அந்த ஒருவாரமும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மெயின் ரோட்டில் பாலம் வேலை ஆரம்பித்ததிலிருந்து கம்பி லாரி, பழைய இரும்பு லாரி எல்லாம் நம் தெரு வழியாகத்தான் சிப்காட்டுக்குப் போகின்றன. அங்கன்வாடி எதிர்ப்பக்கம் இருக்கிறது, பிள்ளைகள் வீடெல்லாம் இந்தப் பக்கம். அங்கன்வாடி ஞானம்மா காலையில் பிள்ளைகளை ஒரு கயிற்றைப் பிடிக்கச் சொல்லி வரிசையாகக் கூட்டிவந்து தெருவோரம் நிற்பாள், நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள். போன மாதம் ஒரு கம்பி லாரி உரசினாற்போல் போனதில் அவள் கையிலிருந்த குடை கம்பி நுனியில் மாட்டிக்கொண்டது, விரித்தபடியே ஊர்வலம் போய்விட்டது. எல்லோரும் சிரித்தோம், ஞானம்மாவும் சிரித்தாள். அப்புறம் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, குடைக்குப் பக்கத்தில்தான் அக்கா அந்தச் சின்னது நின்றுகொண்டிருந்தது என்று சொல்லி அழுதாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை பூமி.

வார்டு மெம்பர் ஆதிகேசவன் பஞ்சாயத்தில் பேசிப் பார்த்தார். லாரிக்காரர்கள் தரப்பில் வந்த ஆள், ஏதோ ஒண்ணு ரெண்டு வண்டி வழி மாறி வந்துக்குது, அதுக்குப் போயி இவ்ளோ பேஜார் பண்றீங்களே என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். சரி, திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிடலாம், கூடவே போட்டோ வைக்கலாம் என்று முடிவானது. அங்கேதான் உன் அப்பா எழுந்து நின்றார். செல்போன்ல எடுத்தா ஒத்த லாரிதான் வுழும் ஆதி, நான் நாலு நிமிஷம் கேமராவ தொறந்து வெச்சேன்னு வெய்யி, நாலு நிமிஷத்துல போற அத்தினி லாரியும் ஒரே போட்டோல வந்து குந்திக்கும், அப்ப இன்னா சொல்லுவானுங்க பாக்கலாம் என்றார். பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் படம் வெள்ளையாகிவிடுமாம், கறுப்புக் கண்ணாடியை மாட்டினால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாக உள்ளே போகுமாம். ஊரே ராஜமாணிக்கம் அண்ணன் மூளையே மூளை என்றது. நானும் கொஞ்சம் பெருமைப்பட்டுத் தொலைத்தேன். பெரிய கேமரா இருக்கும்போது செல்போன் எதற்கு என்று வேறு யாரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. உன்னை ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன், பொண்ணுக்கு சர்ப்ரைசு என்றுவிட்டார்.

சனிக்கிழமை காலை நாஷ்டாகூடச் சாப்பிடாமல் மொட்டைமாடிக்குப் போனார். டிரைபாட் ஆடக்கூடாது என்று அதன் நடுவில் என் இட்லி அரிசிப் பையைத் தொங்கவிட்டார். முதலில் தெருவைப் பார்த்துச் சரி செய்துகொண்டு, அப்புறம் ஒரு கண்ணாடி, அதன் மேல் இன்னொரு கண்ணாடி மாட்டினார். கண்ணை வைத்துப் பார்க்கிற பின்பக்க ஓட்டை வழியாக வெளிச்சம் வந்துவிடும் என்று என் புது பிளவுஸ் துணியைச் சுற்றினார், அந்தத் துணியை நான் உன் சித்தி வீட்டு வளைகாப்புக்கு வைத்திருந்தேன். நடக்காதே, துணி உதறாதே, பலமாக மூச்சு விடாதே என்று எனக்குக் கட்டளை. கீழே லாரி மேல் லாரி, ஹாரன் சத்தத்தில் மாடியே அதிர்கிறது, இவர் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி நிற்கிறார். நாலு நிமிடம் முடிந்த பிறகும் கேமரா படத்தைக் காட்டவில்லை, எடுத்த நேரம் அளவுக்கு அதுவும் உள்ளே உட்கார்ந்து ஏதோ யோசித்தது. கடைசியில் படம் வந்தது.

லாரி இல்லை. ஒன்றுகூட இல்லை. மேகம் பட்டுப்புடவை மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, வேப்பமரம் குளுகுளுவென்று நிற்கிறது, மளிகைக் கடை போர்டு பளிச்சென்று தெரிகிறது, நம் தெரு துடைத்துவிட்டதுபோல் கிடக்கிறது. லேசாகத் தூசிப் புகை மாதிரி ஏதோ ஒன்று, அதுவும் பார்க்க அழகாக இருந்தது. நான் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன் பார், வயிறு வலித்துவிட்டது. உன் அப்பா அசரவில்லை. இது சின்ன ஸ்கிரீனு, பெருசு பண்ணா லாரில்லாம் வெளிய வரும் என்று சொல்லி, ஸ்டூடியோவில் கதவு அகலத்துக்குப் பிரிண்ட் போடச் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிறு சாயங்காலம் வாங்கிவந்து கூடத்தில் விரித்தோம். தெரு இன்னும் பெரிதாகக் காலியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஊரிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, கையில் வேறு படமும் இல்லை, அதையே பேப்பரில் சுற்றி வைத்தார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஆதிகேசவன், ஞானம்மா, நான், பேப்பர் சுற்றிய போட்டோவை மடியில் நிறுத்திக்கொண்டு அப்பா. இன்னா அண்ணே, ஒரு தபா காட்டேன் என்று ஆதி பெரியபாளையம் வரைக்கும் கெஞ்சினார். ஆபீசர் கையாலதான் பிரிக்கணும் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் திருவள்ளூர் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வந்தேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

அங்கே மனு வாங்கிய அதிகாரி ஓர் அம்மாள், உன் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். போட்டோவைப் பிரித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அடடா, எந்த ஊர் இது, இவ்வளவு அமைதியா இருக்கே என்று கேட்டார். ஆதிகேசவன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார், லாரிய காட்டு அண்ணேன்னா லாரிய தொடச்சி எட்தாந்துகிறியே என்றார். அப்பா நாலு நிமிடம், கறுப்புக் கண்ணாடி, எல்லா லாரியும் போனது மேடம், என் கண்ணால் பார்த்தேன் என்று என்னென்னவோ சொல்கிறார். பக்கத்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம்போல் இருந்தது.

அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து படத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை வைத்து, ரோடு காலியாத்தானே இருக்கு, இவங்க ஏன் கடக்காம ஓரமாவே நிக்கிறாங்க என்று கேட்டார். அப்போதுதான் பூமி நாங்களே பார்த்தோம். லாரி இல்லையே, லாரி இல்லையே என்று தேடியதில் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. தெருவோரத்தில் ஞானம்மா கையில் கயிற்றோடு நிற்கிறாள், அவள் புடவையைச் சுற்றி மங்கலாகப் பிள்ளைகள். அவள் முகம்கூட ஓரளவு அடையாளம் தெரிகிறது. ஞானம்மா தன்னையே பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், நின்னவ நான் மட்டுந்தானே மேடம், அதான் நான் வுழுந்துகிறேன், அவனுங்கள்ல ஒருத்தன்கூட நிக்கலியே.

அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை. நாலு நிமிஷமும் இங்கேயே நின்னீங்களா என்று அதிகாரி கேட்டார். இவர் எட்த்தது நாலு நிமிஷம் மேடம், நான் நின்னது அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்றாள் அவள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மாள் மனுவின் மேல் அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே தெருமுனையில் தடுப்புக் கம்பம் வந்துவிட்டது, அங்கன்வாடி விடும் நேரமும் சேரும் நேரமும் கனரக வண்டி உள்ளே வரக்கூடாது, ஒரு போலீஸ்காரர் நிற்கிறார். உன் அப்பா இப்போது, ஞானம்மாவைக் காட்டவேண்டும் என்று தெரிந்துதான் அப்படி எடுத்தேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் மறுக்கவில்லை, ஒரு மனுஷனுக்கு அந்த அளவுக்காவது சந்தோஷம் வேண்டும்.

நீ அங்கே ஆற்றுத் தண்ணீர் படத்தில் பால் மாதிரி தெரிய வேண்டும் என்று பனியில் மணிக்கணக்கில் நிற்காதே, காதுக்குத் துணி கட்டிக்கொள், வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய் வை. உன் அப்பாவுக்குப் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்காதே, முக்கியமாக அந்த நட்சத்திரம் சுற்றுகிற படம் வேண்டாம், என்னை ராத்திரியெல்லாம் மாடியில் மூச்சுவிடாமல் நிற்கச் சொல்வார். எனக்கு ஒரு பிளவுஸ் துணி நீதான் பாக்கி.

நேற்று காலை அதே நேரத்துக்கு அதே இரண்டு கண்ணாடியை மாட்டி மறுபடியும் எடுத்தார். தெரு அதேபோல் காலியாக வந்தது. ஓரத்தில் ஞானம்மாவைக் காணவில்லை, எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்தான் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன், அங்கன்வாடிக்குள்ளிருந்து பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. அவள் நிற்கவே இல்லை பூமி, வந்தாள், கடந்து போய்விட்டாள். இரண்டு படத்தையும் சின்னதாகப் பிரிண்ட் போட்டுப் பொடி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உன் அம்மா,
குணசுந்தரி ராஜமாணிக்கம்