பின்பக்கம் பார்த்துக் கட்டிய ஆம்ப்

கும்மிடிப்பூண்டி
திங்கட்கிழமை

அன்பு மகன் ஸ்டீபனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கருணையில் நானும் உன் அப்பாவும் சுகம், பஹ்ரைன் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் எங்கள் ஜெபம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் லீவு முடிந்து திரும்பும் மோசஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உன் கிடாரை நான் சாலமோனுக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

"சும்மா கெடக்குதும்மா, இனிமே நான் எங்க வாசிக்கப் போறேன், சாலமோன் கோயில்ல வாசிக்கிறவன், அவனுக்குக் குடுத்துடு" என்று நீ சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. முதல் சம்பளத்தில் வாங்கிய எலெக்ட்ரிக் கிடார். அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி வாங்குவதற்குள் விசா வந்துவிட்டது. வெறும் கம்பியை நீ மீட்டினால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது, அதன் குரலை நீயே கேட்டதில்லை, அதற்குள் எப்படிக் கொடுப்பது. சாலமோனை இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டு நானே ஆம்ப் கட்ட உட்கார்ந்தேன். சிப்காட் கம்பெனியில் பதினோரு வருடம் எலெக்ட்ரானிக் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தவள் நான். டெஸ்டிங் மேசைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டதற்கு சூப்பர்வைசர் ஆதிகேசவன், "மேரிக்கா, உனுக்கு ஈயம் வைக்கத்தான் தெரியும், அந்த போர்டு எதுக்குப் போவுதுன்னு தெரியுமா" என்று எல்லார் முன்னாலும் கேட்டாரே, அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

யூடியூபில் ஒருவர் காட்டிய சர்க்யூட் படத்தை நோட்டில் வரைந்துகொண்டேன். சத்தத்தைப் பெருக்க எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ஐசி, சுற்றி நாலைந்து கெப்பாசிட்டர், ஒரு வால்யூம், பழைய டிவியில் கழற்றிய ஸ்பீக்கர். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கழித்துப்போட்ட பலகையைக் கேட்டு வாங்கி வந்து அப்பா பெட்டி அடித்துக் கொடுத்தார். ஐசி ஒன்றுதான் வாங்கினேன், நான் எதற்கு எரிக்கப் போகிறேன் என்ற எண்ணம். அடாப்டரைச் செருகியதும் ஸ்பீக்கரில் டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஐசி தொட முடியாமல் சுட்டது. "இன்னாமே, பாட்டுப் பொட்டி கட்னியா, அடுப்பு கட்னியா" என்று உன் அப்பா சிரித்தார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. ஈயம் ஒவ்வொன்றும் பளபளவென்று இருக்கிறது, பிறகு எங்கே தப்பு.

மூன்றாம் நாள் படத்தின்மேல் டீ கொட்டிவிட்டது. காயட்டும் என்று தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வெளியே துணி காயப்போட்டேன். கண்ணாடி வழியாகப் படம் பின்பக்கமாகத் தெரிந்தது, நான் கட்டிய போர்டை நிமிர்த்திப் பார்த்தால் அச்சு அசல் அப்படியே இருக்கிறது. கம்பெனியில் போர்டு கவிழ்ந்துதான் என் மேசைக்கு வரும், பதினோரு வருடமும் நான் பார்த்தது பின்பக்கம் மட்டும்தான். படமோ முன்பக்கத்துக்கு வரைந்தது, அதை நான் பின்பக்கம் பார்த்தபடியே கட்டிவிட்டேன். இடது கால் வலது காலாகி, கரண்ட் போகக் கூடாத காலில் போயிருக்கிறது. எந்தப் பக்கம் என்று எழுதாதது வரைந்தவர் தப்பு, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மறுநாளே ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவில் ஐசி வாங்கி வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கட்டினேன்.

நேற்று பூசை முடிந்து சாலமோன் காலி கிடார் பையோடு வந்தான். உன் கிடாரில் ஒயரைச் செருகிக் கொடுத்தேன். கம்பியில் ஒரு தட்டு தட்டினான், அப்பா நாஷ்டாவைப் பாதியில் விட்டு எழுந்து வந்துவிட்டார். வால்யூமைக் கூட்டியதும் சத்தம் கரகரவென்று உடைந்தது, போச்சு என்று நான் ஓடினேன். "அந்த உடைசல்தான் ஆன்ட்டி வோணும், தொடாதீங்க" என்றான். மத்தியானம் வரை வாசித்தான். பையில் வைக்கப் போனபோது கிடாரை வாங்கிக்கொண்டேன். "ஸ்டீபன் சொல்ட்டானே ஆன்ட்டி" என்றான். "ஸ்டீபன் சொன்னான், நான் சொல்லல" என்றேன். முகம் வாடியவன் வாசல் வரை போய்த் திரும்பி, எனக்கும் இந்தப் பொட்டி மாதிரி ஒண்ணு கட்டிக் குடுங்க என்று கேட்டான். சரி என்றேன், டெஸ்டிங்கும் நானேதான் செய்வேன் என்றும் சொன்னேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாள். கிறிஸ்துமசுக்கு லீவு கேள், இல்லை என்றால் மறுபடி கேள். வந்ததும் வாசிப்பதற்கு முன்னால் பெட்டியின் நாலு ஸ்குருவையும் கழற்றி போர்டைத் திருப்பிப் பின்பக்கத்து ஈயத்தைப் பார். முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் கடையில் வாங்கியது.

உன் அம்மா,
சி. ஆரோக்கியமேரி